குழாய்க்குள் அடைபட்ட காற்று

தமிழ்நாட்டை விட்டு டில்லிக்கு வந்து குடியேறிய நம்மவர்க்கு இந்நகரத்துக் குளிர் கற்றுக்கொடுக்கும் முதற் பாடங்களுள் ஒன்று வெந்நீரின் அருமையாகும். ஊரில் கிணற்றடியில் நின்று வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டு பழகியவர்கள்கூட, ஜனவரி மாதத்தில் வெப்பமானி 4 டிகிரி, 5 டிகிரி என்று இறங்கி நிற்கும் விடியற்காலைகளில், குழாய்த் தண்ணீரில் விரலை வைத்தவுடன் கையை இழுத்துக்கொள்கிறார்கள். குழந்தைகள் பள்ளிக்குப் புறப்பட வேண்டும். அலுவலகம் செல்பவர் மெட்ரோ ரயிலைப் பிடிக்க வேண்டும். வீட்டில் முதியோர் இருப்பின் அவர்களுக்கு வெந்நீர் என்பது சௌகரியம் அன்று, மருந்தேயாகும். அத்தகைய ஒரு காலையில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால், அது இரண்டு முறை இருமிவிட்டு, நூல்போல் ஒழுகி, பிறகு அடியோடு நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அருகிலிருக்கும் பச்சைத் தண்ணீர்க் குழாயோ தாராளமாகக் கொட்டுகிறது. கீசரின் விளக்கு எரிகிறது. மாடித் தொட்டியிலும் தண்ணீர் இருக்கிறது. வெந்நீர் மட்டும் வரவில்லை.

இத்தகைய சமயத்தில் நம்மவர் பெரும்பாலும் செய்வது யாது? கீசர் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டுகிறோம். அல்லது, சுவருக்குள் இருக்கும் குழாய் துருவேறி அடைத்துக்கொண்டது என்று எவரேனும் சொல்வதை நம்பிச் சுவரை உடைக்கச் சம்மதிக்கிறோம். உண்மைக் காரணம் இவ்விரண்டும் அல்லாமல், குழாய்க்குள் வழி தெரியாமல் அகப்பட்டுக்கொண்ட சிறிதளவு காற்றாக இருக்கலாம் என்பது எவருக்கும் நினைவில் வருவதில்லை. அக்காற்றின் இயல்பையும் அதைக் கண்டறியும் முறையையும் அன்பர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். இதை எழுதுவதற்கு நமக்குத் தனிப்பட்ட காரணம் ஒன்றும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுவதே முறையாகும்.

நமது குடியிருப்பில் நடந்தது

நாம் வசிப்பது தரைத்தளமும் மூன்று மாடிகளுமாகப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு கட்டடம். நம் வீடு தரைத்தளத்தில் இருக்கிறது. நமக்கு நேர்மேலே மூன்றாம் மாடியில், மத்திய சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தம் மனைவியாருடன் வசித்துவருகிறார். மாமா, மாமி என்றே நாம் அவர்களை அழைப்பது வழக்கம். மாமாவுக்கு வயது எழுபத்தெட்டு. மூட்டுவலி அவரை விட்டு நீங்குவதில்லை. ஒரே மகன் இங்கிலாந்தில் இருக்கிறான்.

சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் மாதக் கடைசியில், மாமா வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை ஆள் வைத்துக் கழுவினார்கள். மறுநாள் காலை வெந்நீர்க் குழாய் நின்றுவிட்டது. முதலில் வந்தவர் கீசரைத் தட்டிப் பார்த்து, உள்ளே உப்புப் படிந்துவிட்டது, புதிதாக வாங்குவதே நலம் என்றார். புதிய கீசர் வந்தது, வெந்நீர் வரவில்லை. இரண்டாவதாக வந்தவர் சுவருக்குள் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று சாதித்தார். குளியலறைச் சுவரில் இரண்டு இடங்களில் டைல்களை உடைத்துக் குழாயை அறுத்துப் பார்த்ததில், உட்புறம் கண்ணாடிபோல் சுத்தமாக இருந்தது. அறுத்ததை ஒட்டிவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனவர் வரவேயில்லை.

இத்தனை நாளும் மாமி அடுப்பில் தண்ணீரைக் காய்ச்சி, பாத்திரத்தோடு தூக்கிச் சென்று குளியலறை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். பத்தாம் நாள் காலையில், உடைத்த சுவரின் தூள் படிந்திருந்த வாயிற்படியில் கால் வழுக்கிற்று. கொதிநீர் இடது பாதத்தில் கொட்டிவிட்டது. புண் ஆறுவதற்கு மூன்று வாரம் பிடித்தது.

அன்று மாலை, அண்டைவீட்டார் ஒருவர் வேறொரு பிளம்பரை அழைத்துவந்தார். அவர் ஒடிசா மாநிலத்துக் கேந்திராபாரா மாவட்டத்துக்காரர். அம்மாவட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குழாய் வேலை கற்று இந்தியாவின் பெருநகரங்களுக்கெல்லாம் சென்று பிழைப்பவர்கள். நம்மைப்போல் ஊரை விட்டு வந்தவர்களே அவர்களும். வந்தவர் பையைத் திறக்கவில்லை, சுத்தியலை எடுக்கவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார்.

“பாபுஜி, தண்ணீர் நாளுக்கு நாள் குறைந்து நின்றதா, ஒரே நாளில் நின்றதா?”

“ஒரே நாளில்.”

“அதற்கு முன் தொட்டி காலியாயிற்றா?”

“கழுவுவதற்காக முழுவதும் காலி செய்தோம்.”

“நிற்பதற்கு முன் குழாய் சத்தம் போட்டதா?”

“இருமிற்று.”

அவர் நேரே மொட்டை மாடிக்கு ஏறினார். நாமும் உடன் சென்றோம். தொட்டியின் அடியிலிருந்து இரண்டு குழாய்கள் புறப்படுகின்றன. ஒன்று பச்சைத் தண்ணீருக்கு, மற்றொன்று கீசருக்கு. ஒவ்வொன்றிலும், தொட்டியை விட்டு வெளிவந்த இடத்தில், செங்குத்தாக மேல்நோக்கி ஒரு சிறு குழாய் நின்றுகொண்டிருந்தது. கீசர்க் குழாயின் மேல் நின்ற அச்சிறு குழாயின் வாயில் மூடி ஒன்று இறுக்கித் திருகப்பட்டிருந்தது. அவர் அந்த மூடியைக் காட்டி, “இதை அடைத்தது யார்?” என்றார். பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை.

அடைக்கச் சொன்னவர் நாமே. இரண்டு ஆண்டுகளுக்கு முன், நாம் குடியிருப்போர் சங்கத்தின் காரியதரிசியாக இருந்தபோது, பழைய தொட்டிகளை எடுத்துவிட்டு உயரமான பிளாஸ்டிக் தொட்டிகளை வைத்தோம். புதுத் தொட்டியின் நீர்மட்டம் அந்தச் சிறு குழாய்களின் வாயைவிட உயரமாகிவிட்டபடியால், தொட்டி நிறையும்போதெல்லாம் அவற்றின் வழியே தண்ணீர் வழிந்து தளத்தை நனைத்தது. கூரையில் ஈரம் இறங்குகிறது என்று புகார் வந்தது. அக்குழாய்கள் எதற்காக இருக்கின்றன என்று நாம் யாரையும் கேட்கவில்லை. பன்னிரண்டு வீட்டுத் தொட்டிகளிலும் அவற்றை மூடிவிடும்படி உத்தரவிட்டோம். அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு, புதுத் தொட்டிதானே என்று எவரும் கழுவவில்லை. தொட்டி காலியாகாத வரையில் குற்றம் வெளிப்படவில்லை. பச்சைத் தண்ணீர்க் குழாயின் மேலிருந்த மூடி எப்போதோ கழன்று விழுந்திருந்தபடியால் அது மட்டும் தப்பியது.

பிளம்பர் மூடியைத் திருகினார். சீழ்க்கை அடிப்பதுபோல் அரை நிமிஷம் காற்று வெளிவந்தது. பிறகு ஓசை அடங்கிற்று. கீழேயிருந்து மாமா குரல் கொடுத்தார்: “வந்துவிட்டது!”

காற்று தண்ணீரைத் தடுப்பது எவ்வாறு?

காற்று இலேசான பொருளாயிற்றே, அது தண்ணீரை எப்படித் தடுக்கும் என்று கேட்கலாம். அது இலேசாக இருப்பதுதான் தொல்லைக்குக் காரணம்.

மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்குத் தள்ளும் சக்தியைக் கொடுப்பது உயரம் ஒன்றுதான். 10 மீட்டர் உயரமுள்ள நீர்த்தூண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் அழுத்தத்தைத் தரும். 1 மீட்டர் உயரம் அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் தரும். தரைத்தளத்து வீட்டுக்குத் தொட்டி 10, 12 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேல்மாடி வீட்டுக்கோ தொட்டி தலைக்கு மேலேயே இருக்கிறது. அங்குக் குழாய்க்கும் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் இடையே 2 மீட்டர், மிஞ்சினால் 3 மீட்டரே இருக்கும்.

தொட்டி காலியாகும்போது குழாய்களுக்குள் காற்று நுழைகிறது. மறுபடி நீர் நிறையும்போது அக்காற்று மேலே எழுந்து வெளியேற முயல்கிறது. குழாய் ஒரே சரிவாக இறங்கினால் அது தடையின்றித் தொட்டிக்கே திரும்பிவிடும். ஆனால் மொட்டை மாடியில் குழாய்கள் அப்படிச் செல்வதில்லை. ஒரு குழாய் மற்றொன்றின் மீது ஏறி இறங்குகிறது. கைப்பிடிச் சுவரைத் தாண்டுகிறது. கதவு நிலைக்கு மேல் வளைந்து செல்கிறது. ஒவ்வொரு மேட்டிலும் காற்று தங்கிவிடுகிறது. மேட்டின் ஏறுபக்கத்தில் தண்ணீரும் இறங்குபக்கத்தில் காற்றுமாக நிற்கும்போது, இறங்குபக்கத்தின் உயரம் நமக்குப் பயன்படாமல் போகிறது. ஏனெனில், தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு கனமானது. காற்று நிரம்பிய குழாய், அழுத்தம் என்று சொல்லத்தக்க எதையும் தருவதில்லை.

ஒரு கணக்கால் இது விளங்கும். மேல்மாடிக் குழாய்க்குக் கிடைக்கும் உயரம் 2 மீட்டர் என்று கொள்வோம். வழியில் காற்று நிரம்பிய இறக்கங்கள் எல்லாம் சேர்ந்து 2 மீட்டர் ஆனால், மீதி ஒன்றுமில்லை, தண்ணீர் நகராது. அதே 2 மீட்டர்க் காற்று தரைத்தளத்துக் குழாயில் இருந்தாலும், 12 மீட்டரில் 10 மீட்டர் மிச்சம் இருப்பதால், தண்ணீர் வேகமாக ஓடிக் காற்றையும் இழுத்துக்கொண்டு வெளியேற்றிவிடும். பன்னிரண்டு வீட்டிலும் மூடியைத் திருகிய நமக்குத் தரைத்தளத்தில் ஒரு குறையும் தெரியாமல் இருந்ததற்கும், மூன்றாம் மாடியில் மாமி அடுப்பில் தண்ணீர் காய்ச்ச நேர்ந்ததற்கும் காரணம் இதுவே.

தொட்டியருகே செங்குத்தாக நிற்கும் அச்சிறு குழாய்தான் காற்றுக்கு விடப்பட்ட வாசல். ‘ஏர் பைப்’ என்று பிளம்பர்கள் சொல்வது இதனையே. தண்ணீர் உள்ளே வரும்போது காற்று அதன் வழியே வெளியேறுகிறது.

கண்டறியும் முறை

உடைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்திச் சொல்கிறோம்.

முதலாவது, காலம். ஒரே நாளில் நின்றதா, மாதக் கணக்கில் மெலிந்ததா? பழைய இரும்புக் குழாயில் துருவும், எந்தக் குழாயிலும் உப்பும் சிறுகச் சிறுகவே சேரும். அவை ஒரே இரவில் வழியை அடைப்பதில்லை. தொட்டி காலியான மறுநாள், அல்லது கழுவிய மறுநாள், அல்லது மின்சாரம் நின்று மோட்டார் ஓடாத நாளுக்கு மறுநாள் நின்றதென்றால், காற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது, இடம். ஒரே ஒரு குழாய் மட்டும் மெலிந்திருந்தால், அதன் வாயிலுள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவிப் பார்க்க வேண்டும். பல சமயம் மணல் துணுக்குகளே அங்கு இருக்கும். பச்சைத் தண்ணீர் நன்றாக வந்து, எல்லாக் குழாய்களிலும் வெந்நீர் மட்டும் நின்றிருந்தால், கோளாறு கீசருக்குச் செல்லும் வழியிலோ அங்கிருந்து வரும் வழியிலோ இருக்கிறது. இரண்டும் நின்றிருந்தால் தொட்டியின் வால்வைச் சென்று பார்க்க வேண்டும். மேல்மாடியில் மட்டும் நின்று, கீழ்த்தளங்களில் வருமானால், அதுவும் காற்றின் அடையாளமே.

மூன்றாவது, ஓசை. காற்று உள்ள குழாய் இருமும், துப்பும், களகளவென்று ஒலிக்கும். உப்படைத்த குழாய் சத்தமின்றி ஒரே சீராக மெல்லிய தாரையாக ஒழுகும்.

நான்காவது, நிறம். வருகின்ற கொஞ்சம் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்து வையுங்கள். பால்போல் வெண்மையாக இருந்து, அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டே வந்தால், அவை நுண்ணிய காற்றுக் குமிழிகள். மேலே ஏறி மறைகின்றன. மேலிருந்து கீழ்நோக்கித் தெளிந்து அடியில் வண்டல் தங்கினால், அது அழுக்கு.

ஐந்தாவது, கையால் தொட்டுப் பார்ப்பது. குழாயில் வேகம் நன்றாக இருந்து, தண்ணீர் மட்டும் சில்லென்று வந்தால், அது காற்று அன்று. கீசரின் சூடேற்றும் கம்பியோ வெப்பக் கட்டுப்பாடோ பழுதாகியிருக்கும். வேகம் இல்லாமையும் சூடு இல்லாமையும் வேறு வேறு நோய்கள். இரண்டையும் ஒன்றாகக் கருதியதனால்தான் மாமா வீட்டில் குற்றமற்ற கீசர் வெளியேற நேர்ந்தது.

செய்ய வேண்டியன

முதற் காரியம் கீசரின் மின்விசையை நிறுத்துவது. கீசரில் பச்சைத் தண்ணீர் அடியில் நுழைந்து வெந்நீரை மேலே தள்ளுகிறது. வெந்நீர் உச்சியிலிருந்து வெளிவருகிறது. எனவே வரத்து நின்றாலும் சாதாரணமாக உள்ளே நீர் இருக்கும். ஆயினும், திரும்பி ஓடாமல் தடுக்கும் வால்வு இல்லாவிட்டால் நீர் வந்த வழியே பின்வாங்கிப் போகக்கூடும்; நீரில் மூழ்காத சூடேற்றும் கம்பி விரைவில் எரிந்துபோகும். தொட்டி ஒரு முறை காலியானால், வெந்நீர்க் குழாயில் இருமல் இன்றி நீர் ஒரே சீராக வரும் வரையில் கீசரைப் போடாதீர்கள். 2000 வாட் கீசர், 15 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 24 நிமிஷமே ஆகும். அந்த அவகாசத்தை மிச்சப்படுத்தப் பார்க்க வேண்டாம்.

இரண்டாவது, தொட்டியை விளிம்பு வரை நிரப்புங்கள். அரைத் தொட்டித் தண்ணீருக்கு இல்லாத வலிமை முழுத் தொட்டிக்கு உண்டு. மேல்மாடியில் அரை மீட்டர் உயரம்கூடப் பெரிய துணையாகும். பிறகு, இருப்பவற்றுள் மிகத் தாழ்வான வெந்நீர்க் குழாய் ஒன்றைச் சல்லடையைக் கழற்றிவிட்டு முழுவதும் திறந்து, மற்றவற்றை மூடி, சற்று நேரம் காத்திருங்கள். பல வீடுகளில் இவ்வளவிலேயே காரியம் முடிந்துவிடும்.

மூன்றாவது, வேகமுள்ள மற்றொரு குழாயிலிருந்து ரப்பர்க் குழாய் ஒன்றை இணைத்து, நின்றுபோன வழியில் நீரைப் பின்னோக்கித் தள்ளிக் காற்றைத் தொட்டிக்கே திருப்பி அனுப்புவது. கீசரில் தடுப்பு வால்வு இருந்தால் அதைத் தாண்டி நீர் பின்னோக்கிச் செல்லாது; ஆகையால் கீசருக்கு முன்னுள்ள இணைப்பில் இதைச் செய்ய வேண்டும். அது பிளம்பரின் வேலை. முடிந்தவுடன் அந்த இணைப்பைக் கழற்றிவிட வேண்டும் என்பது மிகவும் முக்கியம். இல்லையேல், நகரக் குடிநீர்க் குழாயில் அழுத்தம் குறையும்போது தொட்டித் தண்ணீர் அதற்குள் சென்று கலந்துவிடும்.

நிலையான பரிகாரம் மாடியில் இருக்கிறது. காற்றுக் குழாயின் வாய் தொட்டியின் உச்சியைவிட உயரமாக இருக்க வேண்டும். அப்போது அதன் வழியே தண்ணீர் வழியாது. வாயைக் கீழ்நோக்கி வளைத்துச் சிறு வலை கட்டினால் தூசியும் பூச்சியும் நுழையா. தொட்டியை மாற்றுவோர் இக்குழாயையும் உயர்த்த மறக்கலாகாது. அநாவசியமான மேடுபள்ளங்களைக் குறைத்துக் குழாயைச் சரிவாக அமைப்பதும் நலம்.

வருமுன் காக்க ஓர் எளிய வழியும் உண்டு. தொட்டியைக் கழுவ முற்படும்போது, தண்ணீர் வற்றுவதற்கு முன்பே வீட்டுக்குச் செல்லும் வால்வை மூடிவிடுங்கள். குழாய்களில் நீர் நின்றபடியே இருக்கும். காற்று நுழைய இடமிராது. கழுவி நிரப்பிய பின்னர் வால்வைத் திறந்தால் போதும்.

குளிர் நாட்டு வீடுகளில்

சென்ற குளிர்காலத்தில் மாமாவும் மாமியும் மகனிடம் சென்று இங்கிலாந்தில் நான்கு மாதம் தங்கினார்கள். அங்கு வீடுகளுக்குள் கொதிகலனில் காய்ந்த வெந்நீர் குழாய்களின் வழியே ஒவ்வோர் அறைக்கும் சென்று, சுவரோரம் நிற்கும் ரேடியேட்டர் என்னும் இரும்புப் பலகைகளைச் சூடாக்கித் திரும்பிவருகிறது. ஒரு நாள் மாமா தொலைபேசியில் நம்மை அழைத்தார். மாடி அறை ரேடியேட்டர் சரியாகச் சூடேறவில்லையென்றும், கொதிகலனையே மாற்ற வேண்டுமோ என்று மகன் யோசிப்பதாகவும் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, “நான் கையை வைத்துப் பார்த்தேன். அடிப்பாகம் சுடுகிறது, மேற்பாகம் சில்லென்று இருக்கிறது. உள்ளே களகளவென்ற சத்தமும் கேட்கிறது. நம் பழைய நண்பன்தான்” என்றார்.

அவர் கண்டறிந்தது சரியே. அங்குள்ள காற்று தொட்டி காலியானதால் வருவது அன்று. குளிர்ந்த நீரில் கரைந்திருக்கும் வாயு, நீர் சூடேறும்போது பிரிந்துவிடுகிறது. பிராணவாயுவை எடுத்துக்கொண்டால், 10 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் கரைந்து நிற்கும். 25 டிகிரியில் ஏறத்தாழ 8 மில்லிகிராம்தான் நிற்கும். சூடு ஏற ஏற இன்னும் குறையும். பிரிந்த வாயு குமிழிகளாகி, உயரமான இடத்தைத் தேடிச் சென்று, மாடி அறை ரேடியேட்டரின் உச்சியில் தங்குகிறது. வெந்நீர் அந்த இடத்தை எட்டுவதில்லை.

பிள்ளைகள் வீட்டுக்குக் குளிர்காலத்தில் செல்லும் அன்பர்கள் அடையாளங்களை நினைவில் வைப்பது நன்று. மேலே குளிர்ந்து கீழே சுட்டால் காற்று. மேலே சுட்டு அடியின் நடுப்பாகம் குளிர்ந்திருந்தால், துருச்சேறு படிந்திருக்கிறது. ஒரு ரேடியேட்டர் மட்டும் முழுவதும் குளிர்ந்திருந்தால், அதன் வால்வு சிக்கிக்கொண்டிருக்கலாம். எல்லாமே குளிர்ந்திருந்தால், கொதிகலனையோ நீரைச் சுற்றிவரச் செய்யும் பம்பையோ பார்க்க வேண்டும்.

காற்றை வெளியேற்றுவது சுலபம். முதலில் கொதிகலனை நிறுத்தி ரேடியேட்டரை ஆறவிட வேண்டும். சுடுநீர் தெறித்தால் என்னவாகும் என்பதை மாமியைவிட அறிந்தவர் யார்? மேல்மூலையில் உள்ள சிறு திருகைச் சாவியால் கால் சுற்றோ அரைச் சுற்றோ திருப்பி, கீழே துணி பிடித்துக்கொண்டால், காற்று சீறிக்கொண்டு வெளிவரும். தண்ணீர் துளிர்த்தவுடன் மூடிவிட வேண்டும். வெளிவரும் வாயுவில், உள்ளே இரும்பு அரிப்பதால் உண்டாகும் ஹைட்ரஜன் கலந்திருக்கக்கூடும். அது தீப்பற்றும் வாயுவாகையால் அருகில் நெருப்பு இருக்கலாகாது. பிறகு கொதிகலனின் அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். மூடிய அமைப்புகளில் ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரை இருப்பது வழக்கம். குறைந்திருந்தால் நீரைச் சேர்க்க வேண்டும். மாதந்தோறும் காற்றை எடுக்க நேர்ந்தால் எங்கேயோ காற்று புகுகிறது, அல்லது உள்ளே இரும்பு அரிக்கிறது என்று பொருள். அப்போது அதில் தேர்ந்தவரை அழைக்க வேண்டும். மகன் கொதிகலனை மாற்றவில்லை என்று மாமா பின்னர்த் தெரிவித்தார்.

முடிவாக ஒரு வார்த்தை

மாமியின் கால் சுட்ட அந்த வாரமே பன்னிரண்டு தொட்டிகளின் மூடிகளையும் கழற்றி, காற்றுக் குழாய்களை உயர்த்தினோம். உடைந்த டைல்களுக்கும் வீணாக வாங்கிய கீசருக்கும் ஆன செலவைக் கொடுக்க நாம் முன்வந்தபோது மாமா ஏற்கவில்லை. “தெரியாமல் செய்தீர்கள், அதற்குப் பணம் எதற்கு?” என்றார். மாமி மட்டும், “இனிமேல் எதையாவது அடைப்பதற்கு முன்னால், மாடியில் இருப்பவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள்” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன கடுஞ்சொல். அது இன்னும் நம் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

நம் சங்கத்து அன்பர் பலர் குடியிருப்புகளின் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறார்கள். பயன் தெரியாத குழாய் ஒன்று கண்ணில் பட்டால், அதை மூடுவதற்கு முன் அது எதற்காக வைக்கப்பட்டது என்று கேட்க வேண்டுகிறோம். வெந்நீர் நின்றுபோன வீட்டில், சுவரில் உளியை வைப்பதற்கு முன் மொட்டை மாடிக்கு ஒரு முறை ஏறிப் பாருங்கள். இந்தக் குளிர்காலத்தில் ஒரு வீட்டுச் சுவராவது, ஒரு முதியவரின் காலாவது இதனால் தப்புமானால், நமது பிழையை வெளிப்படையாகச் சொன்னதற்குப் பயன் கிட்டியதென்று மகிழ்வோம்.